ஆம்புலன்ஸ் மாமா சொன்ன விபத்துகள்

விபத்து வழக்குகள் பார்க்கிற வக்கீல் மாடியில் அலுவலகம் வைப்பதைவிடப் பெரிய மடத்தனம் வேறு கிடையாது. அந்த மடத்தனத்தைச் செய்தவள் நான். கீழே பேட்டரிக் கடை, அதை ஒட்டிக் குறுகலான படிக்கட்டு, மேலே ஒரே ஒரு அறை. வாடகை குறைவு என்று ஆசைப்பட்டு எடுத்தேன். ஊன்றுகோலோடு வருகிறவர்கள் படியைப் பார்த்துவிட்டு என்னைத் திட்டுவது மேலேயே கேட்கும். திட்டு வாங்குவதைவிட இறங்கிப் போவதே மேல் என்று பாதி நாள் நானே கீழே போய், கடை வாசல் பெஞ்சில் உட்கார்ந்துதான் கட்சிக்காரர்களோடு பேசுவேன். கடைக்காரர் ஒன்றும் சொல்வதில்லை. ஆசிட் வாடை எனக்குப் பழகியது போல என் சத்தம் அவருக்குப் பழகிவிட்டது.

அந்தப் பெஞ்சில்தான் அவரை முதலில் பார்த்தேன். ஐம்பதைத் தாண்டிய மனிதர். கறை தெரியாத வெள்ளைச் சட்டை. பக்கத்தில் அவர் மகள், வலது கையை ஒரு துண்டுக்குள் மூடி மடியில் வைத்திருந்தாள். அவர்கள் படியேற முடியாதவர்கள் இல்லை. அவருக்குத்தான் மேலே வரத் தயக்கம்.

"என்ன விபத்து?" என்று கேட்டேன்.

"பைக்ல இருந்து விழுந்துட்டா மேடம்," என்றார். சொன்ன கையோடு கண்ணை இறுக மூடிக்கொண்டு நெற்றியில் அடித்துக்கொண்டார். "இல்ல மேடம். மெஷின். மெஷின்ல கை போயிடுச்சு."

பொய் கேட்பது என் தொழிலில் தினப்படி சமாசாரம். ஆனால் பொய்யை முதல் மூச்சிலும் உண்மையை அடுத்த மூச்சிலும் சொல்கிறவரை அன்றுதான் பார்த்தேன்.

"ரெண்டுல எது?"

"ரெண்டாவதுதான் மேடம். மொதல்ல சொன்னது பழக்கத்துல வந்துடுச்சு."

மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுக்கி வைத்திருந்த பேட்டரிகளைப் பார்த்தாள்.

இது என்ன பழக்கம் என்று எனக்கு எரிச்சல்தான் வந்தது. கேட்கக் கேட்கத்தான் விஷயம் புரிந்தது. அவர் ஒரு பெரிய லாண்டரியில் வேன் டிரைவர். ஹோட்டல்களிலிருந்தும் ஆஸ்பத்திரிகளிலிருந்தும் அழுக்கு பெட்ஷீட்டுகளை மூட்டை மூட்டையாக அள்ளிக்கொண்டு வர வேண்டும். வெளுத்து மடித்ததைத் திரும்பக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். மூட்டை தூக்குகிறவராகத்தான் சேர்ந்தார். டிரைவர் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட, "எனக்கு ஓட்டத் தெரியும்" என்று முன்னால் வந்து நின்றிருக்கிறார். அப்போது அவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது. கேட் தூணில் அவர் இடித்த இடத்தில் இன்னும் சிமெண்டு பெயர்ந்துதான் இருக்கிறதாம். அதைச் சொல்லும்போது மட்டும் சிரித்தார்.

லாண்டரியில் எல்லோரும் அவரை ஆம்புலன்ஸ் மாமா என்றுதான் கூப்பிடுவார்கள். யாருக்கு அடிபட்டாலும் அவர் வேனில்தான் ஏற்றுவார்கள் என்பதால் வந்த பெயர். துணி பிழிகிற மெஷினில் கை திருகிக்கொண்டவன், கொதிநீர்க் குழாய் விட்டுப்போய் முதுகு வெந்தவன், சோப்புத் தண்ணீரில் வழுக்கி இடுப்பு ஒடிந்த பெண் என்று எத்தனையோ பேர். அன்று வெளுத்த பெட்ஷீட்டுகளைப் பிரித்து வேனுக்குள் மெத்தை மாதிரி போட்டு அவர்களைப் படுக்க வைப்பார். வழியெல்லாம் வாய் ஓயாது. "பெரிய ஹோட்டல் பெட்ஷீட்ல படுத்திருக்க, தெரியுமா? இதுல படுக்க அவனவன் எவ்வளவு கொட்டிக் குடுக்கறான். உனக்கு ஓசி" என்பாராம். வலியில் துடித்துக்கொண்டிருப்பவன்கூடச் சிரித்துவிடுவானாம். ஆஸ்பத்திரிக்குத் தினமும் போய் வருகிற ஆள் என்பதால் காவலாளியிலிருந்து நர்ஸ் வரைக்கும் அங்கேயும் அவர் மாமாதான். காத்திருக்க வைக்காமல் உள்ளே விட்டுவிடுவார்கள்.

உள்ளே போனதும் பெயர் பதிகிற இடத்தில், என்ன ஆச்சு என்று கேட்பார்கள். வண்டியில இருந்து விழுந்துட்டார் என்பார் மாமா.

யாருக்கு எது நடந்தாலும் வண்டிதான். கை திருகினால் பைக் செயினில் மாட்டிக்கொண்டது. முதுகு வெந்தால் ரேடியேட்டர் தண்ணீர் பீய்ச்சியடித்தது. இடுப்பு ஒடிந்தால் வேகத்தடை. ஒவ்வொரு காயத்துக்கும் பொருத்தமாக ஒரு சாலை விபத்தைக் கைவசம் வைத்திருந்தார். அவர் சொன்னதையெல்லாம் நம்பினால் அந்த லாண்டரிக்காரர்களைப் போல மோசமாக வண்டி ஓட்டுகிற கூட்டம் ஊரிலேயே கிடையாது. கேட்கும்போது எனக்குச் சிரிப்பும் வந்தது, பற்றிக்கொண்டும் வந்தது.

"யார் அப்படிச் சொல்லச் சொன்னது? மேனேஜரா?"

"யாரும் சொல்லச் சொல்லலை மேடம். வேன் எடுத்த புதுசுல ஒருத்தனைக் கொண்டுபோனேன். உள்ளதைத்தான் சொன்னேன், மெஷின்ல மாட்டிக்கிச்சுன்னு. கம்பெனி ஆளு வரட்டும், விவரம் தெரியணும்னு வெளியில உக்கார வெச்சுட்டாங்க. அவன் அந்தக் கையைப் பிடிச்சுக்கிட்டு என் தோள்ல சாஞ்சு அழுதுட்டே இருந்தான். அப்புறம் மெஷினை ஒழுங்கா பாக்கத் தெரியலைன்னு வேலையை விட்டும் தூக்கிட்டாங்க. அடுத்த ஆளுக்கு வண்டின்னு சொன்னேன். கையோட உள்ள கூட்டிட்டுப் போயிட்டாங்க. அவன் வேலையும் போகலை. நல்லதுதானே மேடம்?"

நல்லதுதானே என்று அவர் கேட்டது உண்மையான கேள்வி. முகத்தைப் பார்த்தால் தெரிந்தது. மேனேஜர் ஒருநாளும் வாயைத் திறந்து எதையும் சொன்னதில்லையாம். "மாமா பாத்துக்குவார்" என்பதோடு சரி.

நான் அவருக்குப் பச்சையாகச் சொன்னேன். வேலை செய்கிற இடத்தில் காயம்பட்டால் வைத்தியச் செலவு, வேலைக்கு வர முடியாத காலத்துச் சம்பளம், கை கால் திரும்ப வராமல் போனால் அதற்கான இழப்பீடு எல்லாம் முதலாளி தலையில்தான் விழும். தொழிலாளி கொஞ்சம் அசட்டையாக இருந்திருந்தாலும் அந்தப் பொறுப்பு சுலபத்தில் போகாது. அதே ஆள் சொந்த வண்டியில் தானாக விழுந்தான் என்றால் முதலாளிக்கு அதில் சம்பந்தமே இல்லை. ஆஸ்பத்திரியில் முதன்முதலில் என்ன சொல்கிறோமோ அதைத்தான் பிறகு வருகிற அத்தனை பேரும் பிடித்துக்கொண்டு தொங்குவார்கள். "நீங்க நல்லது பண்றதா நெனச்சு, இத்தனை வருஷமா கம்பெனிக்குக் காசு வாங்காத வக்கீலா வேலை பாத்திருக்கீங்க" என்றேன்.

அவர் சட்டை நுனியை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தார்.

மகளிடம் கையைக் காட்டச் சொன்னேன். அவள் நிற்கிற இடம் இஸ்திரி ரோலர். ஆள் உயரத்துக்கு நீளமான, உள்ளே ஆவி ஓடுகிற இரண்டு உருளைகள் ஒன்றையொன்று அழுத்திக்கொண்டு சுழலும். இந்தப் பக்கம் இரண்டு பெண்கள் ஈர பெட்ஷீட்டின் முனைகளைப் பிடித்து உள்ளே விட வேண்டும். அந்தப் பக்கம் காய்ந்து வெளியே வரும். ரோலருக்கு முன்னால் குறுக்கே ஒரு கம்பி உண்டு. விரல் அதில் பட்டால் மெஷின் நின்றுவிடும், விரலைக் காப்பாற்றத்தான் அந்தக் கம்பி. ஆனால் ஈரத்துணியின் மடிப்பு பட்டாலும் அது நின்றுவிடும். நின்று நின்று ஓடினால் லோடு முடியாது. அதனால் கிழிந்த பெட்ஷீட் நாடாவால் அந்தக் கம்பியைத் தூக்கிக் கட்டி வைத்திருந்தார்கள். சூப்பர்வைசர் கட்டியதா, வேறு யாராவது கட்டியதா என்று யாருக்கும் ஞாபகமில்லை. எப்போதும் கட்டித்தான் இருந்தது. ஒருநாள் ஒரு பெட்ஷீட்டின் முனை அவள் விரலில் சுற்றிக்கொண்டு இழுத்தது. கை உள்ளே போய்விட்டது.

நான் பார்த்தபோது புண் ஆறியிருந்தது. ஆனால் தோல் சுருங்கி, விரல்கள் ஒவ்வொன்றாக உள்ளங்கையை நோக்கி மடங்கிக்கொண்டிருந்தன. தோலைப் பிரித்து விரல்களை நிமிர்த்த இன்னொரு ஆபரேஷன் செய்ய வேண்டும், தள்ளிப் போட்டால் மடங்கியது மடங்கியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். முதல் வைத்தியத்துக்குப் பணம் கட்டின கம்பெனி, ஆபரேஷன் என்றதும் கையை விரித்துவிட்டது. "ரோட்ல விழுந்ததுக்கு நாங்க எப்படி மாமா பொறுப்பாக முடியும்? நீங்கதானே ஆஸ்பத்திரியில சொன்னீங்க" என்று மேனேஜர் கேட்டிருக்கிறார். மரியாதையாகத்தான் கேட்டாராம். உட்காரச் சொல்லி டீ வேறு கொடுத்திருக்கிறார்.

"உங்க சொந்தப் பொண்ணுக்குமா அதைச் சொன்னீங்க?"

"எனக்கே தெரியலை மேடம். ஹோட்டல்ல லோடு இறக்கிட்டிருந்தேன், போன் வந்துச்சு. எப்படி ஓட்டினேன், எப்படி அவளை ஏத்திட்டுப் போனேன் ஒண்ணும் ஞாபகமில்ல. கவுண்டர்ல அந்தப் பொண்ணு, 'என்ன மாமா, இன்னைக்கு யாரு'ன்னு கேட்டுச்சு. எம்பொண்ணும்மான்னேன். என்னாச்சுன்னுச்சு. வண்டியில இருந்து விழுந்துட்டா, சைலன்சர்ல கை மாட்டிக்கிச்சுன்னேன். சொல்லி முடிச்சப்புறம்தான் நான் சொன்னது என் காதுல விழுந்துச்சு. மாத்திச் சொல்லலாம்னு திரும்பறேன், மேனேஜர் வந்து தோள்ல கையைப் போட்டுட்டார்."

அதுவரை பேசாமலிருந்த மகள் வாயைத் திறந்தாள். "அப்பா சொன்னது எனக்கும் கேட்டுச்சு. ஏதோ நல்லதுக்குத்தான் சொல்றாருன்னு நெனச்சேன்."

எனக்குக் கோபம் வந்தால் நாக்கு நிற்காது. "பொண்ணு கேஸை நீங்களே குழி வெட்டிப் புதைச்சுட்டு, தோண்டி எடுக்கறதுக்கு என்கிட்ட வந்திருக்கீங்க" என்று சொல்லிவிட்டேன். பேட்டரிக் கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். மாமா தலையை ஆட்டினார். அவர் எதிர்த்துப் பேசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

வழக்கை எடுத்துக்கொண்டேன். அவள் வலது கையால் எழுதுகிறவள். என் வக்காலத்தில் கைநாட்டு வைத்தால் போதும் என்றேன். மாட்டேன் என்றுவிட்டாள். பழைய பேப்பரின் ஓரத்தில் இடது கையால் தன் பெயரை எழுதிப் பார்த்து, கோணல்மாணலாக ஆனாலும் கையெழுத்தாகவே போட்டாள்.

வழக்கில் எனக்கு இருந்த ஒரே பிடி அவள் காயம். சைலன்சரில் பட்ட கை ஒரு பக்கம்தான் வேகும். அவளுக்கு உள்ளங்கையும் வெந்திருந்தது, புறங்கையும் வெந்திருந்தது. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் சுட வேண்டுமானால் சூடான இரண்டு பொருளுக்கு நடுவில் கை போயிருக்க வேண்டும். டாக்டர் அதை எழுதிக் கொடுத்தார். ஆனால் கூட வேலை பார்த்தவர்களைத் தேடிப் போனால் ஆளுக்கு ஒரு பக்கமாக நழுவினார்கள். பக்கத்தில் நின்று பெட்ஷீட்டின் அடுத்த முனையைப் பிடித்திருந்தவளே, "நான் அந்நேரம் குனிஞ்சிருந்தேன்க்கா, பாக்கலை" என்றாள். அவளைக் குறை சொல்லி என்ன செய்ய? அவள் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டும்.

ஆக, டாக்டர் எழுதியது ஒரு பக்கம், பெற்ற அப்பன் சொன்னது ஒரு பக்கம். அப்பன் சொன்னதை அப்பனே வந்து பொய் என்று சொன்னால்தான் வழக்கு நிற்கும்.

அதை மாமாவிடம் மறைக்காமல் சொன்னேன். சாட்சி சொன்ன அன்றைக்கே வேலை போகும். மற்றவர்களுக்கும் இப்படித்தான் சொன்னீர்களா என்று கேட்பார்கள். இல்லை என்றால் அது இன்னொரு பொய். ஆமாம் என்றால் உங்களையும் இழுத்துவிடலாம். கேட்டுக்கொண்டே இருந்தவர், யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து போய்விட்டார். பிறகு ஆளையே காணோம். போன் செய்தால், "லோடுல இருக்கேன் மேடம்" என்பார். அந்தப் பெண்ணின் விரல்கள் நாங்கள் யோசித்து முடிக்கிற வரைக்கும் காத்திருக்கப் போவதில்லை.

கடைசியில் விசாரணைக்கு முந்தின நாள் சாயங்காலம் படியேறி வந்தார். உட்காரவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

"சட்டையில பட்டன் போட முடியலை அவளால. அவங்கம்மா போட்டு விடறா. நான் அந்தப் பக்கம் போனா முகத்தைத் திருப்பிக்கறா. என்ன கேட்டாலும் சொல்லிடறேன் மேடம்."

"கேட்டதுக்கு மட்டும் சொல்லுங்க. அதுக்கு மேல ஒரு வார்த்தை வேண்டாம்" என்றேன். சாட்சிக்காரர்கள் எல்லோரிடமும் நான் சொல்கிற பாடம் அது.

விசாரணை நடந்தது பழைய கட்டடம் ஒன்றின் கீழ்த்தளத்தில். கூண்டெல்லாம் கிடையாது. மேஜைக்கு இந்தப் பக்கம் சாட்சிக்கு ஒரு நாற்காலி. விசாரித்த தொழிலாளர் இழப்பீட்டு அதிகாரிக்கு ஜலதோஷம், பிளாஸ்கிலிருந்து வெந்நீர் ஊற்றி ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்தார். கம்பெனி வக்கீல் என்னைவிடச் சின்னவர், குரலை உயர்த்தவே மாட்டார். அந்த மாதிரி ஆட்களைக் கண்டால் எனக்கு ஆகாது.

நான் கேட்டதற்கெல்லாம் மாமா ஒழுங்காகப் பதில் சொன்னார். கம்பி கட்டியிருந்தது, மகளை மெஷினிலிருந்துதான் கொண்டுபோனேன், ஆஸ்பத்திரியில் சொன்னது பொய். பிறகு கம்பெனி வக்கீல் எழுந்தார்.

"பொய் சொல்லச் சொல்லி யாராவது உங்களை மிரட்டினாங்களா?"

"இல்ல சார்."

"அப்ப பொய் சொல்றது உங்க பழக்கமா?"

"ஆமா சார்" என்றார் மாமா. யாரோ சிரித்தார்கள். "லாண்டரியில அடிபட்ட எல்லாருக்கும் நான் வண்டின்னுதான் சொல்லியிருக்கேன்."

வக்கீல் இதை எதிர்பார்க்கவில்லை. கொஞ்சம் நிதானித்துவிட்டு வேறு பக்கம் போனார். நன்றி கெட்டவர் என்று காட்டிவிட்டால் சாட்சியம் இழப்பீட்டுப் பணத்துக்கு ஆசைப்பட்டுச் சொன்னதாக ஆகிவிடும் என்பது அவர் எண்ணம்.

"கம்பெனி உங்களுக்கு என்ன கெடுதல் பண்ணிச்சு? மூட்டை தூக்கிட்டிருந்த உங்களுக்கு வேன் குடுத்தாங்க. உங்க பொண்ணுக்கு வேலை வேணும்னு கேட்டீங்க. கேட்டதும் குடுத்தாங்களா, இல்லையா?"

"கேட்டதும் குடுத்தாங்க சார்."

"அவ்வளவுதான்" என்று அதிகாரியைப் பார்த்துச் சொல்லிவிட்டு வக்கீல் உட்கார்ந்தார்.

எனக்கு அப்பாடா என்று இருந்தது. மாமா எழுந்து வர வேண்டியதுதான் பாக்கி. அவர் எழுந்திருக்கவில்லை. பின்னால் உட்கார்ந்திருந்த மகளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "எடம் காலியா இருந்துச்சு சார்" என்றார்.

நான் கண்ணைக் காட்டினேன். அவர் என் பக்கமே பார்க்கவில்லை.

"என்ன இடம்?" என்று கேட்டார் அதிகாரி.

"அதே ரோலர்ல இவளுக்கு முன்னாடி ஒரு பொண்ணு நின்னுட்டிருந்தா. சுருட்டைன்னு கூப்பிடுவோம். எம்பொண்ணு கூடப் படிச்சவதான். அவளுக்கும் கை உள்ள போயிடுச்சு. நான்தான் வேன்ல கொண்டுபோனேன். சைலன்சர்னு நான்தான் சொன்னேன். ரெண்டு விரலை எடுத்துட்டாங்க. அவ வேலையை விட்டு நின்னதும், அந்த எடத்தை எம்பொண்ணுக்குக் குடுங்கன்னு நான்தான் போய்க் கேட்டேன்."

அதிகாரி கையிலிருந்த வெந்நீரைக் கீழே வைத்தார். "அப்பவும் அந்தக் கம்பி கட்டியிருந்துச்சா?"

"கட்டியிருந்துச்சு சார். அதுக்கப்புறமும் யாரும் அவுக்கலை."

"அது தெரிஞ்சும் உங்க பொண்ணை அங்க அனுப்பினீங்களா?"

"தெரியும் சார். ஆனா எல்லார்கிட்டயும் சொல்லிச் சொல்லி, அவ வண்டியில இருந்துதான் விழுந்தான்னு எனக்கே ஆயிடுச்சு. எம்பொண்ணை வண்டி ஓட்டாத, பஸ்ல போன்னு சொன்னேன் சார். மெஷினைப் பத்தி ஒண்ணும் சொல்லலை."

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், அந்த நிமிஷம் எனக்கு உச்சி குளிர்ந்தது. அதே மெஷின், அதே கம்பி, ஏற்கெனவே ஒருத்தியின் விரல் போயிருக்கிறது, அப்படியும் சரிசெய்யவில்லை. கம்பெனிக்கு இனி வாயே கிடையாது. கம்பெனி வக்கீல் பேனாவை மூடி வைத்ததைப் பார்த்துச் சிரிப்புகூட வந்தது. பிறகு திரும்பி மகளைப் பார்த்தேன். வழக்கு ஜெயித்த முகமாக அது இல்லை.

வெளியே தாழ்வாரத்தில் அவள் சுவர் ஓரமாக நின்றாள். மாமா இரண்டடி தள்ளியே நின்றுவிட்டார்.

"சுருட்டை வண்டியில விழுந்துட்டான்னு நீதானே வீட்ல வந்து சொன்ன?"

"ஆமா பாப்பா."

"போய்ப் பாத்துட்டு வரேன்னேன். அவ யாரையும் பாக்க விரும்பலை, தொந்தரவு பண்ணாதன்னு சொன்ன."

மாமா சட்டைப் பையிலிருந்து பைக் சாவியை எடுத்தார்.

"அவ விரல் போன எடத்துல தினம் நின்னிருக்கேன்ப்பா நான். அவ ஏப்ரனைத்தான் எனக்குக் குடுத்தாங்க. ஏதோ லீவுல போயிருக்கற மாதிரி நெனச்சுட்டு அதைக் கட்டிக்கிட்டு நின்னிருக்கேன்."

குரல் உடையவில்லை அவளுக்கு. உடைந்திருந்தால் அவர் போய்க் கையைப் பிடித்திருப்பார். அவர் வண்டியைக் கிளப்பி வைத்துக்கொண்டு காத்திருந்தார். அவள் அதன் பக்கத்தில்கூடப் போகாமல் கேட்டைத் தாண்டி பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள்.

தீர்ப்பு அவளுக்குச் சாதகமாக வந்தது. ஆபரேஷன் நடந்தது. கட்டைவிரலும் அடுத்த இரண்டும் நிமிர்ந்தன, மற்ற இரண்டும் பாதிதான். சட்டைப் பட்டனை அவளே போட்டுக்கொள்கிறாள். மாமாவுக்கு லாண்டரி வேலை போய்விட்டது. இப்போது ஒரு ஐஸ் கம்பெனிக்கு லோடு ஓட்டுகிறார். அவரை ஆம்புலன்ஸ் மாமா என்று கூப்பிட அங்கே யாரும் இல்லை. மகள் அவரோடு பேசாமல் இல்லை. சாப்பாடு எடுத்து வைத்திருக்கிறது, தண்ணீர் மோட்டாரை நிறுத்து, இந்த மாதிரிப் பேச்சு. ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த அன்று மட்டும் கூடுதலாக ஒன்று சொன்னாளாம். "சுருட்டையைக் கூட்டிட்டு மேடத்துகிட்ட போ."

சுருட்டை அந்தத் தெருவை விட்டு எப்போதோ போயிருந்தாள், ஊரின் இன்னொரு கோடியில் அக்கா வீட்டில் இருந்தாள். மாமா தேடிக் கண்டுபிடித்துப் போய் வாசலில் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். ஆஸ்பத்திரியில் பொய் சொன்னதை அவள் அறிவாள், அவர் சொன்னபோது பக்கத்தில் படுத்திருந்தவள்தானே. கேட்டால் இழப்பீடு கிடைத்திருக்கும் என்பதும், அவள் நின்ற இடத்தை அவர் மகளுக்குக் கேட்டு வாங்கினார் என்பதும்தான் அவளுக்குப் புதிது. முழுக்கக் கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திவிட்டாள். அடுத்த வாரமும் போனார். அதற்கடுத்த வாரமும் போனார். ஒருநாள் அவளே செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்து, "எங்க இருக்கார் அந்த வக்கீல்?" என்றாளாம். அவர் இல்லை, அவங்க என்று மாமா திருத்தினாராம்.

என் அறையில் இருவரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்கள். பெயர்தான் சுருட்டை, முடியை ஒட்ட வெட்டியிருந்தாள். ஒரு கையால் சீவிக் கட்ட முடியவில்லை என்று அவளாகவே சொன்னாள். கையை மேஜை மேல் வைத்தாள். மறைத்துக்கொள்ளவில்லை.

மனு போடுவதற்கான காலம் தாண்டிவிட்டது, ஆனாலும் வழி அடைந்துவிடவில்லை என்று விளக்கினேன். இவ்வளவு நாள் ஏன் வரவில்லை என்பதற்குத் தகுந்த காரணம் சொன்னால் அதிகாரி ஏற்றுக்கொள்ளலாம். "உடம்பு முடியலை, சட்டம் தெரியாதுன்னு எல்லாரும் எழுதறதுதான். அதை நம்ப மாட்டாங்க. உங்களுக்கு உண்மையா என்ன காரணமோ, அதை உங்க வாயால சொல்லுங்க."

அவள் யோசிக்கவே இல்லை.

"விரலை எடுத்தப்பவே மாமா வீட்டுக்கு வந்தார். கம்பெனி வைத்தியச் செலவைக் கட்டுது, இதுக்கு மேல கேட்டா அதுவும் போயிடும், விட்டுரும்மான்னார். நான் விட்டுட்டேன். மாமா நல்லவர்னு நெனச்சேன். அதையே எழுதிக்கோங்க."

அவர் அவள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். நான் அதையே எழுதினேன்.